மூன்று அங்குலச் சேறு

அந்த நீர்த்தேக்கத்தில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று யாருக்குத் தெரிய வேண்டுமானாலும், அது பெரிய பொறியாளராகவே இருந்தாலும், கடைசியில் அளவக்காவிடம்தான் வந்து நிற்க வேண்டும். அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அலுவலகக் காகிதங்களில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி பஸ் கண்டக்டர் முதல் பம்பு ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அளவக்காதான்.

இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை. காலை ஆறு மணிக்குக் கரைமேல் நடந்து போவாள். தண்ணீருக்குள் தள்ளி நிற்கும் பம்புக் கோபுரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக வரைந்திருக்கும் அளவுகோலை, அலுவலகம் கொடுத்த பைனாகுலரால் பார்ப்பாள். எண்ணைப் பதிவேட்டில் எழுதி, ஆறு பத்துக்கெல்லாம் அலுவலகத்துக்கு போன் அடித்துவிடுவாள். ராத்திரி முழுக்க ஊருக்கு பம்பு ஓடுவதால் காலையில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கும். பதினெட்டு அடிக்குக் கீழே என்று அவள் சொன்னால் மேல்கால்வாய் மதகைத் திறப்பார்கள்; ஒன்பது மணிக்குள் பழைய மட்டத்துக்கு ஏறிவிடும். ஏறாமல் பம்பின் வாய் வெளியே தெரிந்தால், ஊர்க் குழாய்களில் காற்றுதான் வரும், கூடவே ஊர் வாயிலிருந்து வேறு என்னென்னவோ வரும். அதனால் அளவக்கா ஒரு நாளும் அரை அங்குலம்கூட கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துச் சொன்னதில்லை. வயதைக்கூட சரியாகத்தான் சொல்வாள். ஐம்பத்தேழு. அந்த ஒரு எண்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்காததற்குக் காரணம் அவளுடைய அம்மா. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு நடக்கும்போது, ஒரு நாள் மத்தியானம், பீரோ மேலே ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது என்றாள். வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டே ஸ்டூல் போட்டுத் தேடினார்கள். பூனை இல்லை. மறுநாளும் அம்மா பார்த்தாள். நாலு நாளில் சிரிப்பு நின்றுபோனது. அப்புறம் பூனை கழுத்தில் மணி கட்டியிருக்கிறது என்றும் சொன்னாள். பிறகு யார் ஆரம்பித்தார்களோ, "ஆமாம்மா, இருக்கு, சும்மாதான் இருக்கு" என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். ஒரு தட்டில் பால்கூட வைத்தார்கள். டாக்டரிடம் போக எட்டு மாசம் ஆயிற்று. "இதை முன்னாடியே கொண்டுவந்திருக்கலாமே" என்று அவர் சொன்னதை அளவக்காவும் அவள் தங்கையும் இன்றுவரை ஜீரணிக்கவில்லை. அதற்கப்புறம் ஆறு வருஷம் அம்மா இருந்தாள். அந்த ஆறு வருஷத்தைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை.

அம்மா போன பிறகு அவளுடைய துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது அக்காவும் தங்கையும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நம் இரண்டு பேரில் யாருக்கு அது வந்தாலும், மற்றவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டக் கூடாது. பால் தட்டு வைக்கக் கூடாது. வருகிறவளும் எதையும் ஒளிக்கக் கூடாது. தங்கை டெய்லர், பேச்சிலும் கத்தரிக்கோல்தான். அவள் இதைச் சொல்லும்போது அழவில்லை, அக்காதான் அழுதாள்.

இப்படி இருக்கையில்தான் ஒரு திங்கட்கிழமை காலை அந்தப் பறவை வந்தது.

அளவுகோலைப் பார்த்து முடித்து பைனாகுலரை இறக்கப் போனவள், கரையின் கோடியில் தண்ணீர் வற்றிக் கிடந்த சேற்றுத் திட்டில் சின்னச் சின்னதாக ஏதோ ஓடுவதைப் பார்த்தாள். உள்ளான்கள். சேற்றைக் கொத்திக் கொத்தித் தின்கிற குருவி ஜாதி. வருஷா வருஷம் வரும், போகும், அவள் கண்டுகொள்வதில்லை. ஆனால் அதில் ஒன்று கொத்தவில்லை. தலையைக் குனிந்து, மூக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, தரையைத் துடைக்கிறவள் மாதிரி சேற்றைத் துடைத்துக்கொண்டே போயிற்று. நிமிர்ந்தபோது மூக்கின் நுனி தெரிந்தது. நுனி கூர்மையாக இல்லை. டீஸ்பூன் மாதிரி தட்டையாக, அகலமாக இருந்தது.

அளவக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி பார்த்தாள். சிட்டுக்குருவி அளவு உடம்பு, அதன் முகத்தில் ஒரு கரண்டி. அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. மணி ஆறு பத்து ஆகிவிட்டதே என்று அறைக்கு ஓடி, "பதினேழு அடி ஒன்பது அங்குலம்" என்று போனில் சொல்லிவிட்டு, வழக்கம்போல மழைமானியைப் பார்க்கவும் மதகுச் சக்கரத்துக்கு எண்ணெய் விடவும் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

மத்தியானம் தங்கைக்கு போன் செய்தபோது இதையும் ஒரு வேடிக்கையாகச் சொன்னாள். அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கரண்டி மூக்கு என்றதும் மிஷின் நின்றது.

"வேற யாராவது பாத்தாங்களா?" என்றாள் தங்கை.

"ஆறு மணிக்கு இங்க யாரு வரா? நானும் காக்காவும்தான்."

தங்கை, "அக்கா, நாம ஒண்ணு பேசி வச்சிருக்கோம்" என்றாள்.

அவ்வளவுதான். அதுவரை அவளுக்கு அது வெறும் பறவையாகத்தான் இருந்தது. தங்கை வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த பிறகு பீரோவும் பூனையும் மணியும் வந்து முன்னால் நின்றன. அன்றே தங்கை நரம்பு டாக்டரிடம் நேரம் கேட்டாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை பதினொரு மணிக்குத்தான் கிடைத்தது. பத்து நாள் இருந்தது.

மறுநாள் காலை அளவக்கா கரைமேல் போனபோது, பறவை இருக்கக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டாள், இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டாள். இருந்தது. துடைத்துக்கொண்டிருந்தது. இந்த முறை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம். பறவை ஒரு காலைத் தூக்கியபோது, முட்டிக்கு மேலே ஒரு சின்னப் பச்சைக் கொடி தெரிந்தது. இளம் பச்சை. யாரோ அடையாளச் சீட்டு கட்டிவிட்ட மாதிரி.

கரண்டியாவது பிறவியில் வரலாம். பறவை காலில் கொடி கட்டிக்கொண்டு வருமா? அம்மாவின் பூனைக்கும் முதலில் மணி இல்லை. வெறும் பூனைதான். மணி இரண்டாம் வாரம்தான் வந்தது. இல்லாத ஒன்றுக்குத்தான் இப்படி நாளுக்கு நாள் நகை நட்டு கூடும் என்று அவள் நினைத்தாள். கொடியைப் பற்றித் தங்கையிடம் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை அவள்தான் முதலில் மீறினாள். அது வேறு அவளை உள்ளுக்குள் அரித்தது.

போனில் படம் எடுத்துப் பார்த்தாள். படத்தில் சேறு இருந்தது, சேற்றில் கடுகு கடுகாக நாலைந்து புள்ளி இருந்தது. எந்தக் கடுகுக்கு மூக்கு எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை.

புதன்கிழமை தங்கை வந்தாள். முதல் பஸ் ஒன்பது மணிக்குத்தான் வந்து சேரும். இரண்டு பேரும் கரைமேல் நின்று பார்த்தார்கள். தண்ணீர் இருந்தது. ஒரு கொக்கு இருந்தது. தங்கை, "இதுவா?" என்று கேட்கக்கூட இல்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"ராத்திரி தங்கு. விடியறப்ப பாக்கலாம்" என்றாள் அளவக்கா.

"தைக்க நிறைய கெடக்குக்கா" என்றாள் தங்கை.

தைக்கக் கிடந்தது உண்மை. ஆனால் அவள் தங்காததற்குக் காரணம் அதுவல்ல. பார்க்காத வரைக்கும் சந்தேகம். விடிகாலையில் பக்கத்தில் நின்று பார்த்து, அங்கே ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால், அது முடிவு. வியாழக்கிழமைக்கு முன்னால் அந்த முடிவு தன் வாயால் வர வேண்டாம் என்று அவள் நினைத்தாள். எவ்வளவு கத்தரிக்கோலாக இருந்தால் என்ன, சொந்த அக்காவை வெட்டுவதென்றால் கை நடுங்கத்தானே செய்யும்.

சனிக்கிழமை அளவக்கா பல் டாக்டரைப் பார்க்கப் போனாள். பல்லுக்கு அல்ல. அவர் பறவைப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு கூட்டாளிகளோடு நீர்த்தேக்கத்துக்கு வந்து, டெலஸ்கோப்பை நட்டுவைத்து, பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்துவிடுவார். அவரிடம் ஒரு நோட்டு உண்டு. ஒருவர் மட்டும் பார்த்த பறவையைப் பென்சிலில் எழுதுவார்; இரண்டு பேர் பார்த்தால்தான் பேனாவில் எழுதுவார். எத்தனையோ பெரிய மனிதர்கள் சொன்ன பறவைகள் அந்த நோட்டில் பென்சிலிலேயே மங்கிப்போயிருக்கின்றன.

அளவக்கா சொல்லி முடித்ததும் அவர் சிரிக்கவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"கரண்டிவாயன்னு ஒண்ணு இருக்குக்கா. ஆனா அது உங்க இடுப்பு உயரம் இருக்கும்."

"இது என் உள்ளங்கைக்குள்ள அடங்கிடும் டாக்டர்."

டாக்டர் கையில் இருந்த கண்ணாடிக் குச்சியைக் கீழே வைத்தார். "சின்னதா ஒண்ணும் இருக்கு. உலகத்துலயே சில நூறுதான் மிச்சம்னு சொல்றாங்க. அதெல்லாம் கடலோரச் சேத்துல திரியறது. நம்ம குடிதண்ணிக் குட்டைக்கு அது ஏன்க்கா வரப்போகுது? சாதா உள்ளானாதான் இருக்கும். மூக்கு நுனியில சேறு ஒட்டி உருண்டையா தெரிஞ்சிருக்கும். எனக்கே ஒரு தடவை அப்படி ஆயிருக்கு." அப்படிச் சொன்னாலும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

வந்தார். ஒன்பது மணிக்கு. கூட வந்த ஒருவர், "அளவக்கா தண்ணியத்தான் அளப்பாங்கன்னு நெனச்சேன், கதையும் அளப்பாங்க போல" என்று மெதுவாகத்தான் சொன்னார். கரைமேல் காற்று எதையும் மறைக்காது. அளவக்கா காதில் போட்டுக்கொள்ளாமல் கரைக் கோடிக்கு அவர்களைக் கூட்டிப்போய், "அதோ, அந்த உடைஞ்ச படகுக்கு இந்தப் பக்கம். அங்கதான் நடந்து நடந்து துடைச்சிட்டிருந்துச்சு" என்று கை நீட்டினாள்.

டாக்டர் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி அங்கே பார்த்தார். "அங்க தண்ணிதானே இருக்கு அக்கா?"

அளவக்கா அப்போதுதான் கவனித்தாள். படகைச் சுற்றித் தண்ணீர். படகுக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் தண்ணீர். எங்கே பார்த்தாலும் தண்ணீர். குருவி அளவுப் பறவை அங்கே நடக்க வேண்டுமென்றால் பொய்க்கால் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

அவள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பறவை இல்லை என்றால் ஒரு பறவையைத்தான் கற்பனை செய்தாள் என்று ஆகும். தரையே இல்லை என்றால்? அம்மாகூட பீரோவைக் கற்பனை செய்யவில்லை. பீரோ உண்மையான பீரோதான். அவளுக்குத் தன்மேல் அப்படி ஒரு இரக்கம் வந்தது. தொலைதூரத்தில் வேலை பார்க்கும் மகனுக்கு போன் போட எடுத்து, என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. சேறு இருந்தது. உடைந்த படகு நடுச்சேற்றில் காய்ந்து கிடந்தது. பறவையும் இருந்தது, அது பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருந்தது. அளவக்கா அதைப் பார்க்கவில்லை. படகைப் பார்த்தாள். போனும் கையுமாக அங்கேயே நின்று, "பதினேழு ஒன்பது" என்று சொல்லிவிட்டு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மழைமானிக்குப் போகாமல் அதே இடத்தில் நின்றாள். ஆறரைக்கு மேல்கால்வாயிலிருந்து தண்ணீர் வர ஆரம்பித்தது. ஏழு மணிக்கு ஒரு நாக்கு மாதிரி சேற்றின்மேல் ஊர்ந்து வந்தது. பறவைகள் பின்வாங்கின. ஏழரைக்குப் படகைத் தொட்டது. எட்டு மணிக்குச் சேறு என்று ஒன்று அங்கே இருந்ததற்கு அடையாளமே இல்லை. உள்ளான்கள் கூட்டமாக எழும்பி எங்கேயோ போய்விட்டன.

அவள் கோபுரத்து அளவுகோலைப் பார்த்தாள். பதினெட்டு அடி. மூன்றே அங்குலம் ஏறியிருந்தது.

அளவக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். கோபுரத்துச் சுவரில் மூன்று அங்குலம் என்றால் நாலு விரல் அகலம்தான். அதை அவள் எழுதி எழுதியே இருபத்திரண்டு பதிவேடு நிறைந்திருக்கிறது. தட்டையாகக் கிடக்கிற கரைக் கோடியில் அதே மூன்று அங்குலம் நூறு தப்படிச் சேறு. தண்ணீர் மேலே ஏறுவதை மட்டுமே பார்த்தவளுக்கு அது பக்கவாட்டில் நடப்பது தெரியவில்லை. தெரியாதது மட்டுமா? பறவையின் சாப்பாட்டுத் தட்டைத் தினமும் ஆறு பத்துக்கு போன் போட்டு இழுத்துக்கொண்டதே அவள்தான். இழுத்துக்கொண்டு, ஒன்பது மணிக்கு ஆட்களைக் கூட்டிவந்து, "அதோ பாருங்கள்" என்று வேறு சொல்லியிருக்கிறாள். கெட்டிக்காரி.

தரை இருக்கிறது என்று தெரிந்ததில் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதிக்குப் பறவையை இன்னொருவர் பார்க்க வேண்டும். அன்று சாயங்காலமே தங்கையை அழைத்தாள்.

"நாளைக்கு ராத்திரி நீ இங்க வந்து படுக்கற. தைக்கறதெல்லாம் கெடக்கட்டும். வியாழக்கிழமைக்கு முன்னாடி ஒரு தடவை என் பக்கத்துல நின்னு பாரு. ஒண்ணும் இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. நான் தாங்கிக்குவேன்."

"வரேன்" என்றாள் தங்கை. அந்த ஒரு வார்த்தைக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்திருக்கலாம்.

ஆனால் விடிகாலை வெளிச்சம் மங்கல். பைனாகுலர் பழகாத தங்கைக்கு மூக்கு நுனி தெரிய வேண்டுமென்றால் வெயில் வர வேண்டும். ஆறே முக்கால் ஆகும். அதிலிருந்து கால் மணியில் தண்ணீர் நாக்கை நீட்டிவிடும். அளவக்கா யோசித்தாள். "பதினெட்டு அடி" என்று ஒரே ஒரு நாள் சொல்லிவிட்டால் போதும். மதகு திறக்காது. யார் வந்து அளக்கப்போகிறார்கள்? அவள்தானே அளக்கிற ஆள். இந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஊர்த் தண்ணீர் ஒரு பக்கம். இன்னொன்றும் உண்டு. இல்லாத எண்ணைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டு, இருக்கிற பறவையை இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

அறைச் சுவரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு அட்டை தொங்குகிறது. அதில் எழுதியிருப்பது அவளுக்கு மனப்பாடம் என்பதால் பல வருஷமாக அதைப் படித்ததில்லை. அன்று எழுந்து போய்ப் படித்தாள். "காலை ஏழு மணிக்குள் மட்டத்தைத் தெரிவிக்க வேண்டும்." ஏழு மணிக்குள். ஆறு பத்துக்கு என்று யாருமே சொல்லவில்லை. அது அவளாக ஏற்படுத்திக்கொண்ட சுறுசுறுப்பு. ஏழு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது சொன்னாலும் சரியான எண் சரியான எண்தான்.

புதன்கிழமை விடிந்தது. அக்காவும் தங்கையும் கரைக் கோடியில், படகுக்கு நேரே, ஒரு பழைய சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். மட்டத்தை எழுதியாகிவிட்டது. போன் மடியில் இருந்தது. சேற்றில் இருபது முப்பது உள்ளான்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அளவக்கா பைனாகுலரைத் தங்கையிடம் கொடுத்தாள். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எங்கன்னு காட்ட மாட்டேன். நீயா தேடு. பாத்தா, பாத்ததை எல்லாம் சொல்லு. எனக்காக ஆமான்னு மட்டும் சொல்லிடாதே."

"பால் தட்டு வைக்க மாட்டேன்" என்றாள் தங்கை.

அவள் பார்த்தாள். முதல் ஐந்து நிமிஷம் பைனாகுலரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. உலகமே தள்ளிப் போய்விட்டதே என்று பயந்துகொண்டு வாயைத் திறக்கவில்லையாம். பிறகு சரியாகப் பிடித்தாள். ஆறரை ஆயிற்று. வெயில் மெதுவாகச் சேற்றின்மேல் வந்தது. அளவக்கா பறவைகளைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. தங்கையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி கோக்கும்போது மடிக்கிற மாதிரி அந்த உதடு உள்ளே மடிந்திருந்தது. ஆறே முக்கால். ஆறு ஐம்பது.

"எல்லாம் ஒரே மாதிரிதான்க்கா இருக்கு" என்றாள் தங்கை. "குத்துது, ஓடுது. குத்துது, ஓடுது."

அளவக்கா தலையை ஆட்டினாள். சரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நாளைக்குப் பதினொரு மணி. அம்மாவுக்கு எட்டு மாசம் தாமதம், தனக்குப் பத்தே நாள். அதுவரைக்கும் லாபம்.

"ஒண்ணு மட்டும் குத்தல" என்றாள் தங்கை.

அளவக்கா சாக்கின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் அப்படியே தேய்ச்சிட்டே போகுது. இஸ்திரி போடற மாதிரி. இரு. திரும்புது. அக்கா, மூக்கு... ஆமா, தட்டைதான். முனையில பரந்து இருக்கு. சேறு இல்ல, இப்பதான் தண்ணியில அலசுச்சு, அப்பவும் பரந்துதான் இருக்கு." அவள் வேகமாகப் பேச ஆரம்பித்திருந்தாள். "சரி, இது நீ சொன்னதுதான். நீ சொன்னதால எனக்கும் அப்படித் தோணலாம். இன்னும் பாக்கறேன், இரு."

தங்கை எவ்வளவு நேர்மையானவள் என்று அளவக்காவுக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது.

"அக்கா."

"ம்."

"அது கால்ல என்ன? துணி பிட்டு மாதிரி ஒண்ணு ஒட்டிட்டிருக்கு. மேல் கால்ல. பச்சை. கிளிப் பச்சைகூட இல்ல, அதைவிட வெளுப்பு. இதை நீ சொல்லவே இல்லையே?"

அளவக்கா சாக்கின்மேல் அப்படியே பின்னால் சாய்ந்து படுத்துவிட்டாள். மேலே வானம் இருந்தது, வானத்தில் ஒன்றும் இல்லை, அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. பத்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போவதை, எந்த எலும்பிலிருந்து எந்த எலும்புக்கு இறங்குகிறது என்று சொல்லக்கூடிய அளவுக்கு அவள் உணர்ந்தாள். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் ஓடியது. துடைக்கவில்லை.

மடியிலிருந்து நழுவிய போனை எடுத்து, ஆறு ஐம்பத்தெட்டுக்கு எண்ணைச் சொன்னாள். அலுவலகத்தில் எடுத்தவர், "என்னக்கா, தண்ணிக்குள்ள விழுந்துட்டீங்களோன்னு ஆள் அனுப்பப் பாத்தேன்" என்றார். "பதினேழு அடி ஒன்பது அங்குலம்" என்றாள் அளவக்கா மறுபடியும். "எதுக்குக்கா சிரிக்கறீங்க?" என்று அவர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, தான் சிரித்துக்கொண்டே சொல்வது.

தங்கை அதற்குள் கணக்குத் தீர்க்க ஆரம்பித்திருந்தாள். "அப்ப கொடியை நீ முன்னாடியே பாத்திருக்க."

"ரெண்டாம் நாளே."

"என்கிட்ட சொல்லல."

"பயந்துட்டேன்டி."

"எதையும் ஒளிக்கக் கூடாதுன்னு பேசினமா இல்லையா? நான் உன் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். நாக்கைக் கடிச்சிக்கிட்டுச் சொன்னேன். நீ பாட்டுக்கு ஒளிச்சு வச்சிருக்க." திட்டத் திட்ட அவளுக்கு அழுகை வந்தது. அழ அழத் திட்டினாள். சேற்றில் இருந்த பறவைகள்கூட கொஞ்சம் தள்ளிப் போய்விட்டன.

பல் டாக்டர் அன்று மத்தியானமே செய்தி கேட்டு, வாயைத் திறந்து வைத்திருந்த ஒருவரைப் பாதியில் விட்டுவிட்டு போனில் கத்தினார். மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு வந்து கரையில் உட்கார்ந்தார். பறவை அவருக்கும் காட்சி கொடுத்தது. தூரத்து நாட்டில் அதன் கூட்டருகே யாரோ பிடித்து, அடையாளத்துக்குக் கட்டிவிட்ட கொடி அது என்று விளக்கினார். கொடியில் எழுத்துக்கூட இருந்தது, டெலஸ்கோப்பில் படித்தார். நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தவர், பதற்றத்தில் முதல் எழுத்தை இரண்டு தடவை எழுதினார். "உங்க கண்ணுக்குச் சுத்திப் போடணும்னு தோணுதுக்கா" என்றார். கூட்டாளி, கதை அளந்ததாகச் சொன்னவர், வாயைத் திறக்கவே இல்லை. அளவக்கா அவருக்குத்தான் முதலில் டீ ஊற்றிக் கொடுத்தாள். பழி வாங்குவதில் அதுவும் ஒரு வகை.

ஒன்பது மணி பஸ்ஸில் அவள் தங்கை வீட்டுக்குப் போனாள். டாக்டரிடம் போவதா வேண்டாமா என்று பேச வேண்டும். வாசலில் நுழைந்தபோது தங்கை போனில் இருந்தாள். பதினொரு மணிக்கு நரம்பு டாக்டரிடம் வாங்கியிருந்த நேரத்தை ரத்து செய்துகொண்டிருந்தாள். "இல்லைங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அக்கா பாத்ததை நானும் பாத்துட்டேன். ஆமா, அதான் காரணம். நீங்க எப்படி வேணா எழுதிக்குங்க."

தையல் துணி எங்கும் பரந்து கிடந்ததால் உட்கார இடம் தேடி, அளவக்கா பின்னறைக் கதவைத் தள்ளினாள். மிஷின் எண்ணெய் டின்னும் துணி மூட்டைகளும் அடைத்துக் கிடக்கும் அறை அது. இப்போது எதுவும் இல்லை. கழுவி விட்டிருந்தது. ஜன்னலோரம் ஒரு புதுக் கட்டில். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. தலைமாட்டில் ஒரு சின்ன விளக்கு, காலடியில் மடித்த போர்வை. கழிப்பறை வரைக்கும் சுவரில் கைப்பிடிக் கம்பி அடித்திருந்தது.

அளவக்கா திரும்பிப் பார்த்தாள். தங்கை வாசற்படியில் நின்றாள். திருடும்போது பிடிபட்ட மாதிரி முழித்தாள்.

"யாருக்கு இது?"

"வேற யாருக்கு?"

"எப்ப வாங்கின?"

"நீ பறவையைப் பத்திச் சொன்னியே, அன்னிக்கு சாயங்காலம்" என்றாள் தங்கை. "கட்டிலைத் திருப்பி எடுக்க மாட்டாங்களாம். கம்பியை வேணா கழட்டிடலாம்."

அளவக்கா மெத்தை உறையைக் கிழித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தாள். தங்கை கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு, "தள்ளிப் படு" என்று சொல்லி அவளும் பக்கத்தில் வந்து படுத்தாள். பத்து நாள் தூக்கம் இரண்டு பேருக்கும் பாக்கி இருந்தது. சட்டை வாங்க வந்தவர்கள் மத்தியானம் வரைக்கும் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.